விளிம்பில் நிற்கும் எடை

(விருதுநகரில் மோட்டார் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைத் தொழிலாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் மூத்த லேத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இது எடைபோட்டுப் பிழைக்கிற ஊர். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பேப்பரில் போட்டால், உளுந்தும் துவரையும் வற்றலும் மல்லியும் என்ன விலை போகிறது என்று தமிழ்நாடே பார்க்கும். தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிற கண் நம்மவர்களுக்கு உண்டு. அதனால் எடையைப் பற்றி இங்கே பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டை சும்மா கிடக்கும்போது அதன் எடை எவ்வளவு என்று கேட்டால் போதும். அதே எடை சுற்ற ஆரம்பித்துவிட்டால், எவ்வளவு என்பதோடு எங்கே என்றும் கேட்க வேண்டும். மையத்தில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா? என் நாற்பது வருஷப் பட்டறை வாழ்க்கையில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

இப்போது நிறைய இளைஞர்கள் பட்டறைக்கு வந்து, "அண்ணே, ஃபிளைவீல்ல வெயிட்டக் கொறச்சுக் குடுங்க, பிக்கப் வேணும்" என்கிறார்கள். செல்போனில் ஏதோ ஒரு படம் பார்த்திருப்பார்கள். அவர்களைத் திட்டி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்தது. அந்தச் சக்கரம் எதற்காக அங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வெட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சிவகாசியில் என் மாமா ஒரு அச்சகத்தில் டிரெடில் ஓட்டினார். அந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது, அதற்கு லேபிள் வேண்டும் என்று அச்சு வந்தது, பட்டாசும் வந்தது. மாமா மிதிக்கிற டிரெடிலின் பக்கவாட்டில் ஒரு பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம். மிதி, மிதி, மிதி. சக்கரம் வேகம் பிடித்துவிடும். வலது கையால் தாளை வைப்பார், இடது கையால் அச்சான தாளை எடுப்பார். மிஷினின் வாய் மூடித் தாளின்மேல் எழுத்து அழுந்துகிற ஒரு நொடி இருக்கிறதே, அந்த அழுத்தத்துக்கு மாமாவின் கால்பலம் பத்தாது. அந்த நேரத்தில் சக்கரம்தான் கொடுத்து உதவும். வாய் திறந்து வெறுமனே திரும்புகிற நேரத்தில் மாமாவின் கால் அந்தக் கடனை அடைத்துவிடும். ஒருநாள் நான், "மாமா, இவ்வளவு கனமான சக்கரம் எதுக்கு, சின்னதாப் போட்டா ஈஸியா மிதிக்கலாம்ல?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தார். கால் இல்லாமலே மிஷின் இன்னும் சில தாள்களை அச்சடித்தது. "பாத்தியா மருமகனே" என்றார். அவ்வளவுதான் பாடம்.

கார் இன்ஜினிலும் இதே கதைதான். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் அரைச் சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை ஒரு சிலிண்டரில் தீப்பிடிக்கும். நம் மாருதி 800 மாதிரி மூன்று சிலிண்டர் என்றால் 240 டிகிரிக்கு ஒருமுறை. ஒற்றை சிலிண்டர் என்றால் இரண்டு முழுச் சுற்றுக்கு ஒரே ஒரு முறை. அந்த ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காற்றை அமுக்க வேண்டும், புகையைத் தள்ள வேண்டும். அதற்கெல்லாம் யார் கொடுப்பது? சக்கரம்தான். ஒரு தீயிலிருந்து அடுத்த தீவரைக்கும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போவது அதுதான்.

கரிசல்காட்டுக் கிணற்றடியில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி செய்த இன்ஜினைப் பார்த்து நம் நாட்டில் வார்த்த அந்த லிஸ்டர் டைப் இன்ஜின், 6 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் இரண்டு சக்கரம். ஒற்றை சிலிண்டர், நிமிஷத்துக்கு 325 தீ. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைப் போட்டு அந்தச் சக்கரத்தைச் சுற்றி, மூச்சு வாங்க வாங்க வேகம் ஏற்றி, "விடு" என்றதும் லீவரை விடுவோம். உடம்பில் இருந்த பலத்தை எல்லாம் சக்கரத்தில் போட்டு வைத்து, அதை எடுத்து முதல் அமுக்கலை முடிக்கிற வித்தை அது. அந்தச் சக்கரத்தைப் பாதியாக வெட்டியிருந்தால் பீமனாலும் அந்த இன்ஜினைக் கிளப்ப முடியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், நாலே கணக்குதான்.

ஒரு சாதாரண கார் ஃபிளைவீல். எட்டு கிலோ, 28 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சமமான தட்டு என்றே வைத்துக் கணக்குப் போட்டால், 6,000 ஆர்.பி.எம்மில் அதற்குள் இருக்கிற ஆற்றல் சுமார் 15,500 ஜூல். ஆயிரம் கிலோ காரைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். சிவகாசிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: ஏறக்குறைய ஐந்து கிராம் கருமருந்துக்குள் இருக்கிற ஆற்றல். ஐந்து கிராம் கருமருந்தைக் கையில் எடுக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்வோம்? பித்தளைப் பாத்திரமா மரத்தட்டா, தரையில் மணல் இருக்கிறதா, உரசல் உண்டா, எல்லாம் பார்ப்போம். அதே மரியாதை பெல் ஹவுசிங் என்கிற கூட்டுக்குள் சுற்றுகிற அந்த இரும்புக்கும் வேண்டும். அது டிரைவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சக்கரத்தின் விளிம்பு அப்போது என்ன வேகத்தில் போகிறது தெரியுமா? விநாடிக்கு 88 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 317 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலுக்கு அதிகபட்சமாக அனுமதித்த 160 கிலோமீட்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய நீராவி இன்ஜின் காலத்தில் வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு முப்பது மீட்டரைத் தாண்டக்கூடாது என்றே பெரியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். கார் சக்கரம் ஆரமில்லாத முழுத் தட்டு, நல்ல வார்ப்பு, அதனால் அதிகம் தாங்கும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் இரும்பைப் பிய்க்கிற இழுப்பு நான்கு மடங்காகும். கம்பெனிக்காரன் விட்டு வைத்த பாதுகாப்பு இருப்பை நாம் லேத்தில் வைத்துச் சுரண்டக் கூடாது. அமெரிக்காவில் டிராக் பந்தயக் கார்களில் சக்கரமும் கிளட்சும் வெடித்துச் சிதறி ஆட்கள் அடிபட்ட பிறகுதான், பெல் ஹவுசிங்கைச் சுற்றி எஃகுக் கவசம் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் வெட்டவே கூடாதா? வெட்டலாம். பந்தயக்காரர்கள் வெட்டத்தான் செய்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பற்றி மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. சோழவரத்தில் ஓடியவற்றில் ஃபியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் உண்டு. நாம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போன அதே கார்கள்! வெளிநாட்டுச் சாமான் சுலபமாகக் கிடைக்காத காலம். இருந்த இரும்பைச் செதுக்கியே வேகம் எடுத்தார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே கட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். செட்டிப்பாளையம் பக்கம் இருக்கிற பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். நம் ஊர் லேத்திலும் நம் ஊர் கையிலும் இது முடியும் என்று காட்டிய மனுஷன். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

வெட்டினால் என்ன லாபம்? இரண்டாவது கணக்கு. விளிம்புப் பக்கம், மையத்திலிருந்து 12 சென்டிமீட்டரில், ஒன்றரை கிலோ இரும்பை எடுக்கிறோம். முதல் கியரில் இன்ஜின் 15 சுற்றுச் சுற்றினால் ரோட்டுச் சக்கரம் ஒரு சுற்று என்று வையுங்கள். வேகம் எடுக்கும்போது அந்த ஒன்றரை கிலோ, வண்டியிலிருந்து சுமார் 60 கிலோ இறக்கியதற்குச் சமம். ஒரு ஆள் இறங்கின மாதிரி! டாப் கியரில், நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று என்றால், அதே ஒன்றரை கிலோ நாலரை கிலோவுக்குத்தான் சமம். ஒரு பை காய்கறி. ஒரே வேகத்தில் சீராக ஓடும்போது லாபம் சுத்தமாகப் பூஜ்யம். குதிரைத்திறன் ஒரு புள்ளிகூட ஏறாது. கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். சட்டென்று இறங்கும், சட்டென்று ஏறும். பந்தயத்தில் அது பெரிய வரம். டிரைவர் எப்போதும் மேல் சுற்றிலேயே வைத்திருப்பான், ஐடிலிங் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மதுரை பைபாஸில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அந்த வரத்தால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவது கணக்குதான் லேத்காரனுக்கு. அதே ஒன்றரை கிலோவை 12 சென்டிமீட்டரில் எடுக்காமல் 4 சென்டிமீட்டரில், கிராங்க் போல்ட் பக்கம் எடுத்தால்? தூரம் மூன்றில் ஒரு பங்கு, பலன் ஒன்பதில் ஒரு பங்கு. சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிற இடம் மட்டும் பலவீனமாகும். அதனால் ஹப்பில் கை வைக்காதீர்கள். கிளட்ச் தட்டு உரசுகிற முகத்தில், தேய்ந்த கோடு போக ஃபேசிங் பண்ணுவதைத் தவிர எடுக்காதீர்கள். அப்போதும் பிரஷர் பிளேட் உட்காருகிற படிக்கும் உரசல் முகத்துக்கும் நடுவில் உள்ள அளவு மாறக்கூடாது. ரிங் கியர் சாய்ந்து நிற்கிற தோளைத் தொடாதீர்கள். இன்ஜினைப் பார்த்திருக்கிற பின்முகத்தில், வெளி விளிம்பை ஒட்டி, உள்மூலைகளில் கூரான வெட்டு விழாமல் வளைவு விட்டு எடுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

லேத்தில் மாட்டுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கோயில் மணி மாதிரி நின்று பேசும். விரிசல் இருந்தால் உடைந்த பானை மாதிரி சத்தம் செத்துப் போகும். அப்புறம் சாயம் பூசித் துடைத்து மாவு தெளித்து, கோடு தெரிகிறதா பாருங்கள். கிளட்ச் எரிந்து நீலம் பாய்ந்த சக்கரம் என்றால் எடை குறைக்கிற பேச்சே வேண்டாம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அப்போது எனக்கு 24 வயது. டாக்ஸி ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் ஃபியட் காருடன் வந்தார். "தம்பி, சக்கரத்துல கொஞ்சம் வெயிட்ட எறக்கு. வண்டி சிட்டாப் பறக்கணும்" என்றார். நானும் பறக்கவிட நினைத்தேன். ஒரே மத்தியானத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் டர்னிங் போட்டு எடுத்தேன். வார்ப்பிரும்புப் பொடி கணுக்கால் வரை குவிந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. பேலன்ஸ் பார்க்கவில்லை. லேத்தில் சுற்றித்தானே வெட்டினோம், சமமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். பழைய துளை எங்கே இருக்கிறது, வார்ப்புக்குள் காற்றுக்குமிழ் எங்கே இருக்கிறது என்று லேத்துக்குத் தெரியுமா? சக்கில் மாட்டும்போது டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தேனா என்றால், அதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி வந்தார். குடும்பத்தோடு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போயிருக்கிறார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திக் கிளப்பும்போது இன்ஜின் செத்துவிட்டிருக்கிறது. சாகாமல் இருக்க ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சை உரசவிட்டு உரசவிட்டு, தட்டு கருகி, பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. ராத்திரியில் பெண்களும் பிள்ளைகளும் குளிரில் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். தரையில் ஓட்டும்போதும் ஒரு வேகத்தில் கியர் குச்சி கையைக் கடிக்கிற மாதிரி அதிர்ந்ததாம். அண்ணாச்சி கோபப்படவில்லை. "தம்பி, பறக்கத்தான் செஞ்சுது. கெளம்பத்தான் மாட்டேங்குது" என்றார். மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரு சக்கரம் தேடிப் பிடித்து என் காசில் மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் குளிரில் உட்கார்ந்திருந்ததற்கு மாட்டிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பேலன்ஸ் கற்றேன். நாலாவது கணக்கைக் கேளுங்கள். விளிம்பில், மையத்திலிருந்து 12 சென்டிமீட்டரில், ஒரு பக்கம் மட்டும் எட்டு கிராம் கூடுதலாக இருக்கிறது. எட்டு கிராம் என்றால் ஒரு பவுன். 6,000 ஆர்.பி.எம்மில் அந்த ஒரு பவுன் இரும்பு சுமார் 39 கிலோ விசையோடு கிராங்கை வெளியே இழுக்கும். அதுவும் விநாடிக்கு நூறு தடவை திசை மாறி மாறி. கிராங்கின் பின் பேரிங், ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன் பேரிங் எல்லாம் அந்த இழுப்பை வாங்கிக்கொண்டே இருக்கும். 3,000இல் அது பத்து கிலோவுக்குள் அடங்கிவிடும்; அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, ஹைவேயில் தெரியும்.

நம் பட்டாசுத் தரைச்சக்கரத்தையே பாருங்கள். மருந்தடைத்த காகிதக் குழலை வட்டுமேல் சுருளாகச் சுற்றி ஒட்டுகிறோம். சுற்று சமமாக வந்தால் நின்ற இடத்திலேயே தாமரைப்பூ மாதிரி விரியும். ஒரு பக்கம் தடித்துவிட்டால் குதிக்கும், தத்தும், வாசலைத் தாண்டி யார் பாவாடைப் பக்கமோ ஓடும். அதை ஒட்டுகிற அக்காமார்களுக்குக் கையே தராசு. இன்ஜின் சக்கரம் கிராங்கில் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பதால் ஓட முடியவில்லை; ஓட முடியாத கோபத்தைப் பேரிங்கில் காட்டுகிறது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? உலகத் தரத்தில் ஜி 6.3 என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதன்படி எட்டு கிலோ சக்கரத்துக்கு 6,000 சுற்றில் விளிம்பில் முக்கால் கிராமுக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கலாம். சில தீக்குச்சிகளின் எடை. மிஷின் இருந்தால் நல்லது. கிராங்க் நீளமானது, அதற்கு இரண்டு தளத்தில் சுற்றவிட்டுப் பார்க்கிற மிஷின்தான் வேண்டும். ஆனால் ஃபிளைவீல் ஒல்லியான தட்டு. இரண்டு தண்டவாளமும் பொறுமையும் இருந்தால் கையாலேயே பெரும்பகுதி முடிக்கலாம். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் தங்க ஆசாரி ஒருவரிடம் தராசு இரவல் வாங்கி வருவார்.

ஆனால் அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில இன்ஜின்களில் கம்பெனியே வேண்டுமென்று சக்கரத்தின் ஒரு பக்கத்தைக் கனமாக்கி, கிராங்கின் குறையை அதில் தீர்த்திருப்பான். அதைச் சமப்படுத்தினால் நாம் பேலன்ஸைக் கெடுத்தவர்கள் ஆவோம். ஆகவே சக்கரத்தைக் கழற்றும் முன்பே கிராங்கிலும் சக்கரத்திலும் பிரஷர் பிளேட்டிலும் அடையாளம் குத்துங்கள். இப்போது வருகிற இரட்டைச் சக்கரம், உள்ளே ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் சக்கரம், அதை லேத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். சில புது வண்டிகளில் சென்சார் படிக்கிற பல்லும் ஃபிளைவீலிலேயே இருக்கும். அதில் ஒரு பல் அடிபட்டால் வண்டி கிளம்பாமலே போகலாம். சரக்கு வண்டி, டாக்ஸி, பள்ளிக்கூட வேன் எதிலும் எடை குறைக்காதீர்கள், எவ்வளவு காசு கொடுத்தாலும். ஆனால் எந்த வண்டியில் கிளட்ச் வேலை வந்தாலும் பேலன்ஸ் பாருங்கள். அதற்குத் தனியாகக் காசு கேளுங்கள், தப்பில்லை. அது வேலை.

இதோ, மேஜைமேல் இரண்டு எஃகுச் சட்டம் வைத்திருக்கிறேன். ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாகிவிட்டது. அதன்மேல் மேண்ட்ரில் மாட்டிய சக்கரம். மெதுவாக உருட்டிவிட்டால் கொஞ்ச தூரம் போகும், தயங்கும், பின்னால் வரும், ஆடும், நிற்கும். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நேர்மேலே சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டில் ஒரு உருண்டை களிமண். மறுபடி உருட்டு. எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறவரை களிமண்ணைக் கூட்டு, குறை. பிறகு அந்தக் களிமண்ணைத் தங்கத் தராசில் நிறுத்து, அதே எடை இரும்பை நேரெதிர்ப் பக்கம், அதே தூரத்தில் டிரில் போட்டு எடு. எட்டு மில்லிமீட்டர் டிரில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 0.36 கிராம். இன்றைக்குக் கணக்கு அவ்வளவுதான், இனி கை வேலை. பாலிடெக்னிக் தங்கச்சி, நீ முதலில் வாம்மா. கையைத் துடைத்துக்கொள், எண்ணெய்ப் பசை ஒட்டினால் அதுவும் எடைதான். யாராவது அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். அந்தக் காற்றே சக்கரத்தை உருட்டிவிடும். கதவையும் சாத்துங்கள். ம், இப்போது உருட்டு.